கரியில் ஓடிய பஸ்

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த எண்ணெய் நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன். மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் ‘கேஸ் பிளாண்ட்’ செய்து கொடுத்தார்கள். பஸ்ஸோடு பொருத்திய இரும்பு உருளையில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். காற்றை அளவாக விட்டால் கரி முழுதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு வரும். வடிகட்டிய அந்த வாயுதான் எஞ்சினுக்குத் தீனி. கசிந்தால் ஆளையே கொல்லும். பெட்ரோலின் இழுவை இதில் கிடையாது, மேட்டில் திணறும். அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற நம் கரிசல் சமவெளிக்கு, என் கணக்கில், அது பெரிய குறையில்லை.

போர் முடிந்து பெட்ரோல் தாராளமானதும் உருளைகளைக் கழற்றிவிட்டார்கள். சீமைக் கருவேலம் இங்கே காடாய் மண்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான். இன்று அதை வெட்டி மூட்டம் போட்டு எடுக்கிற கரி, மூட்டை மூட்டையாக வெளியூர் போகிறது, டீசல் லாரியில்.