கழுத்தில் தொங்கிய தகர டிக்கெட்: மண்டபம் வழியாகப் போன அடையாள அட்டைகளின் கதை

இன்னைக்கு எபிசோட் வெளிநாட்டுல போய்த் தங்குறவங்க கையில என்ன இருக்கணும்கிறதைப் பத்தி. ஆனா இது டிராவல் எபிசோட் இல்லை, வரலாறுதான்.

தாய்லாந்துக்குப் போகிற நண்பர் யாரையாவது கேட்டுப் பாருங்க. ஒரு லிஸ்ட் சொல்லுவாங்க. போய் இறங்குறதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்டை ஆன்லைன்ல நிரப்பணும். 2025 மே 1-லிருந்து அது கட்டாயம். இறங்கினதும் ஒரு சிம் வாங்கணும். நீங்க தங்குற வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள்ள டி.எம்.30-ன்னு ஒரு படிவத்துல உங்களைப் பத்தி அரசுக்குச் சொல்லணும். ரொம்ப நாள் தங்குறவங்களா இருந்தா, 90 நாளுக்கு ஒரு தடவை "நான் இன்னும் இங்கேதான் இருக்கேன்"னு தெரிவிக்கணும்.

இத்தனை படிவமும் சுத்திச் சுத்திக் கேட்கிறது மூணே கேள்விதான். நீ யார்? எங்கே தங்குற? உனக்கு யார் பொறுப்பு? இந்த மூணு கேள்வியையும் நூறு வருஷத்துக்கும் மேலா கேட்டுக்கிட்டே இருக்கிற ஒரு ஊர் நம்ம ராமநாதபுரம் கடற்கரையில இருக்கு. அதுதான் மண்டபம்.

ராமேஸ்வரத்துக்கு ரயில்ல போனவங்க கவனிச்சிருப்பீங்க. பாம்பன் பாலத்துக்கு முன்னாடி மண்டபம்னு ஒரு ஸ்டேஷன் வரும். அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே "மண்டபம் கேம்ப்"னு இன்னொரு ஸ்டேஷன். அது என்ன கேம்ப்? யாரோட கேம்ப்? அங்கேயிருந்துதான் நம்ம கதை ஆரம்பிக்குது.

1830-கள்ல இலங்கை மலைநாட்டுல ஆங்கிலேயர்கள் பெரிய அளவுல காப்பி போட ஆரம்பிச்சாங்க. வேலைக்கு ஆள் இங்கேயிருந்துதான் போனாங்க. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து வறண்ட கிராமங்கள்லேருந்து நடந்து இந்தக் கரைக்கு வருவாங்க. தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்குவாங்க. அங்கேயிருந்து நூற்றுச் சொச்சம் மைல், காட்டு வழியா மாத்தளை வரைக்கும் மறுபடியும் நடை. காலரா, மலேரியா, தண்ணி இல்லாத பாதை. வழியிலேயே செத்துப்போனவங்க ஏராளம். 1869-ல காப்பி இலையில நோய் விழுந்து, கொஞ்ச காலத்துல காப்பி ஒழிஞ்சு தேயிலை வந்தது. காப்பிக்கு அறுவடைக் காலத்துல மட்டும்தான் நிறைய ஆள் வேணும். தேயிலைக்கு வருஷம் பூரா வேணும். அதாவது, போய்ட்டு வர்றவங்களா இருந்த மக்கள் போய்த் தங்குறவங்களா மாறினாங்க.

இப்ப தோட்டத்து முதலாளிக்கு ஒரு நடைமுறைப் பிரச்சினை. கடலுக்கு இந்தப் பக்கம் கிளம்பின ஒரு ஆள், ரயில், கப்பல், மறுபடி ரயில்னு மாறி மாறி, சரியா நம்ம தோட்டத்துக்கே வந்து சேரணும். நடுவுல வேற தோட்டத்துக்காரன் ஆசை காட்டிக் கூட்டிட்டுப் போயிடக் கூடாது. பெரும்பாலானவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போட்டோ, கைரேகை வச்ச பாஸ்போர்ட் எல்லாம் அவங்களுக்குக் கிடையாது. என்ன பண்றது?

இருபதாம் நூற்றாண்டோட தொடக்கத்துல அவங்க கண்டுபிடிச்ச வழிதான் தகர டிக்கெட். ஒரு சின்னத் தகரத் துண்டு. அதுல மாவட்டத்தைக் குறிக்க எழுத்து, தோட்டத்தைக் குறிக்க நம்பர். ஒரு ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக் கழுத்துல மாட்டிக்கலாம். தோட்டத்து துரை ஒரு கட்டு டிக்கெட்டைக் கங்காணி கையில கொடுப்பார். கங்காணி சொந்த ஊருக்கு வந்து, உறவு, சாதி, பக்கத்துத் தெருன்னு ஆள் பிடிப்பார். ஊர்க் கடனை அடைக்க, வழிச் செலவுக்குன்னு முன்பணம் கொடுப்பார். 1904-ல திருச்சியில தொடங்கின இலங்கைத் தொழிலாளர் கமிஷனோட ஏஜென்சிகள்ல ஆள்களைக் காட்டுவார். அதுக்கப்புறம் ரயில் கட்டணம், சாப்பாடு, கப்பல் எல்லாமே அந்தத் தகரத்தைக் காட்டினா போதும்.

கேக்க ரொம்ப வசதியா இருக்கு இல்லையா? இன்னைக்கு மெட்ரோ கார்டைத் தட்டிட்டுப் போறோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆனா கணக்கு எங்க போய் விழுதுன்னு பாருங்க. வழிச் செலவெல்லாம் டிக்கெட்டுல இருக்கிற நம்பரை வச்சுத் தோட்டத்துக் கணக்குல பற்று எழுதப்படும். தோட்டம் அதைக் கங்காணி கணக்குல எழுதும். கங்காணி அதை ஆள் தலையில எழுதுவார். முதல் நாள் பெரட்டுக்கு, அதாவது காலையில ஆள் எண்ணுற இடத்துக்கு, வந்து நிக்கிறப்பவே அந்த மனுஷன் கடன்காரன். தகரத்துல அவர் பேரு இல்லைங்கிறதையும் கவனிங்க. தோட்டத்தோட நம்பர்தான் இருந்தது. "நீ யார்"ங்கிற கேள்விக்கு அங்கே பதிலே தேவைப்படலை. "யாருக்குப் போற சரக்கு"ங்கிறது தெரிஞ்சா போதும்.

சரி, மண்டபம் எங்க வருது? 1914 பிப்ரவரியில பாம்பன் ரயில் பாலம் திறந்தாங்க. சென்னையில ரயில் ஏறி, தனுஷ்கோடியில இறங்கி, நீராவிக் கப்பல்ல தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் ஏறினா கொழும்பு. போட் மெயில்னு நம்ம தாத்தா பாட்டி சொல்லுவாங்களே, அதான். இந்தப் பாதை வந்த பிறகு தொழிலாளர்களைச் சோதிக்கிற இடம் மண்டபத்துல அமைஞ்சது. இதுல விசேஷம் என்னன்னா, இடம் ராமநாதபுரம் சீமையில, ஆனா முகாமை நடத்தினது இலங்கை அரசாங்கம். வெளிநாட்டு இமிக்ரேஷன் கவுன்ட்டர் நம்ம ஊர்லேயே இருந்த மாதிரி. கடல் தாண்டுறதுக்கு முன்னாடியே நீங்க அந்த நாட்டோட கையில இருப்பீங்க.

அங்கே ஒரு வாரம் போல வச்சிருப்பாங்க. அம்மை ஊசி, உடம்புப் பரிசோதனை, துணிமணியை வாங்கிக் கிருமி நீக்கம் பண்றது. நோய் எதுவும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் கப்பல். காலராவும் பிளேக்கும் பரவின காலத்துல இதுக்கு நியாயமான காரணம் இருந்தது, மறுக்க முடியாது. பழைய காட்டுப் பாதையோட ஒப்பிட்டா உயிர் பிழைக்கிற வாய்ப்பும் கூடுச்சு. அதே வேலியை அந்தப் பக்கமா நின்னு பார்த்தா, முன்பணம் வாங்கின ஆள் மனசு மாறித் திரும்பி ஓடாம பார்த்துக்கிற இடமாகவும் அது இருந்தது. ஒரே ஏற்பாடு ரெண்டு வேலையும் செஞ்சது.

தோட்டத்துக்குள்ள இன்னொரு காகிதம் இருந்தது. பேரு துண்டு. ஒரு கங்காணி தன் கூட்டத்தோட வேற தோட்டத்துக்கு மாறணும்னா, இங்கே இருக்கிற துரை ஒரு துண்டு எழுதித் தருவார்: "இவங்க கடன் இவ்வளவு. இதைக் கட்டினா ஆளை விடுறேன்." புது தோட்டம் கட்டும். கடன் அப்படியே ஆளோட சேர்ந்து புது இடத்துக்கு வரும். இப்படியே தோட்டம் தோட்டமா மாறிக் கடன் ஏறிக்கிட்டே போகும். வாங்கின பணம் யார் கைக்குப் போச்சுன்னு தொழிலாளிக்குத் தெரியாமலே போகிறதும் உண்டு.

இது மாறினது சட்டத்தால. 1921-ல இலங்கையில துண்டு முறையை ஒழிச்சாங்க. 1922-ல இந்தியா குடிபெயர்வுச் சட்டம் கொண்டு வந்தது. கங்காணிக்கு லைசென்ஸ் வேணும்னு ஆச்சு. கண்டியில இந்திய அரசோட ஏஜென்ட் ஒருத்தர் உட்கார்ந்து குறைகளைக் கேட்க ஆரம்பிச்சார். 1923-லேருந்து வழிச் செலவைத் தோட்டங்கள் சேர்ந்து போட்ட பொது நிதி ஏத்துக்கிட்டது. அதை ஆள் தலையில கட்டக் கூடாதுன்னு ஆச்சு. அதே தகரம், அதே கேம்ப், அதே கப்பல். பின்னாடி இருந்த கணக்குப் புத்தகம் மட்டும் மாறுச்சு. மாறினது அந்த ஒண்ணுதான், ஆனா தொழிலாளிக்கு அதுதான் பெரிய விஷயம். 1939-ல உடலுழைப்பு வேலைக்கு இலங்கை போறதையே இந்தியா தடை பண்ணிடுச்சு.

அதுக்குள்ள அந்தப் பக்கம் ரெண்டு மூணு தலைமுறை பிறந்து வளர்ந்தாச்சு. 1948-ல இலங்கை குடியுரிமைச் சட்டம் வந்தப்ப அவங்க கிட்ட கேட்டது காகிதம். அப்பா, தாத்தா இங்கே பிறந்ததுக்கு அத்தாட்சி எங்கே? லயத்துல பிறந்தவங்களுக்கு யார் பிறப்புச் சான்றிதழ் எழுதி வச்சாங்க? லட்சக்கணக்கானவங்க ஒரே சட்டத்துல நாடில்லாதவங்க ஆனாங்க. 1964 அக்டோபர்ல சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டாங்க: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அதே வருஷம் டிசம்பர்ல புயல் வந்து தனுஷ்கோடியை அழிச்சது. அதனால திரும்பி வந்தவங்க கப்பல் ராமேஸ்வரத்துல நின்னது. அங்கேயிருந்து எங்கே கொண்டு போனாங்க? மண்டபம் கேம்ப்புக்கு. தாத்தா ஊசி போட்டுக்கிட்டுப் போன அதே ஊருக்குப் பேரன் திரும்பி வந்தான். இந்தத் தடவை கையில குடும்ப அட்டை. வீட்டுக்கடன், தொழில் கடன், நீலகிரியில அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துல வேலை, எல்லாத்துக்கும் அந்த அட்டைதான் ஆதாரம்.

1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் வந்தவங்க வேற. படகுல, ராத்திரியில, பெரும்பாலும் எந்தக் காகிதமும் இல்லாம வந்தாங்க. அவங்களைப் பதிஞ்சதும் இதே மண்டபம்தான். கியூ பிராஞ்ச் விசாரணை, அகதி அட்டை, பிறகு தமிழ்நாடு முழுக்க இருக்கிற முகாம்கள்ல ஒண்ணு. மாசாமாசம் உதவித்தொகை, அரிசி, அதோட கூடவே தலை எண்ணுறது. தாய்லாந்துல 90 நாளுக்கு ஒருக்கா ரிப்போர்ட் பண்றதை நாம தொல்லைன்னு சொல்றோம். இவங்க நாற்பது வருஷமா அந்த வரிசையில நிக்கிறாங்க. 2021-ல தமிழக அரசு பேரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்"னு மாத்தி, வீடு கட்டித் தர்ற திட்டமும் அறிவிச்சது. 2022-ல அங்கே பொருளாதாரம் விழுந்தப்ப தனுஷ்கோடி மணல் திட்டுல இறங்கின குடும்பங்களும் வந்து சேர்ந்தது மண்டபத்துலதான்.

இதுல ஒரு வழக்கைச் சொல்லியே ஆகணும். இந்தியாவுல 1950 ஜனவரி 26-லேருந்து 1987 ஜூலை 1-க்கு முன்னாடி வரைக்கும் பிறந்த யாரும் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். பெற்றோர் யாருன்னு அந்தச் சட்டம் பார்க்கிறதில்லை. மண்டபம் முகாம்ல 1986-ல ஒரு பெண் பிறந்தாங்க. பாஸ்போர்ட் கேட்டாங்க, கிடைக்கலை. சென்னை உயர்நீதிமன்றத்தோட மதுரைக் கிளைக்குப் போனாங்க. 2022-ல பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. 2024 தேர்தல்ல அவங்க ஓட்டுப் போட்டாங்க. அவங்க கிட்ட இருந்த முக்கியமான ஆதாரம் மண்டபத்துல கொடுத்த பிறப்புச் சான்றிதழ். அதே முகாம்ல 1987 ஆகஸ்ட்ல பிறந்த ஒரு குழந்தையை நினைச்சுப் பாருங்க. ஒரே கூரை, ஒரே ஊர், ஆனா பெற்றோர்ல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும். அகதிப் பெற்றோருக்குப் பிறந்தா அந்த வழி அடைச்சுடுது.

வெளிநாட்டுல தங்கப் போறவங்களுக்கு டிப்ஸ் கேட்டீங்கன்னா, இந்தக் கடற்கரை சொல்ற மூணை நான் சொல்லுவேன். உங்க பேர் போட்ட ஒவ்வொரு காகிதத்தோட அசலும் உங்க கையிலேயே இருக்கட்டும். வேலை கொடுக்கிறவர் பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிறேன்னா சம்மதிக்காதீங்க. இலவச டிக்கெட், இலவச விசான்னு யார் சொன்னாலும், அந்தச் செலவு கடைசியில யார் கணக்குல விழுதுன்னு எழுத்துல கேளுங்க. குழந்தை எந்த ஊர்ல பிறந்தாலும் பிறப்பை உடனே பதிவு பண்ணுங்க.

கடைசியா ஒரு சின்ன விஷயம். அரிச்சல்முனைக்குப் போனா சில சமயம் உங்க போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடிச்சுக்கிட்டு, "வெல்கம் டு ஸ்ரீலங்கா"ன்னு மெசேஜ் காட்டும். ரோமிங்கை அணைச்சு வச்சுக்கோங்க, பில் ஏறிடும். தலைமன்னார் அங்கேயிருந்து முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. சிக்னல் எந்த அட்டையும் கேட்காம கடலைத் தாண்டி வருது. மண்டபத்துல இன்னும் சில குடும்பங்கள் அட்டைக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.