முதலுக்கு மோசமில்லாமல்

மரக்காலால் நெல் அளக்கிறவரும் லாரியிலிருந்து மூட்டை இறக்கி எண்ணுகிறவரும் 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. முதல் எண்ணிக்கைக்கு 'லாபம்' என்பார்கள். அடுத்தது 'ரெண்டு', பிறகு 'மூணு'. சென்னை யானைக்கவுனிப் பக்கத்து மார்வாடி, குஜராத்திக் கடைகளில் சுவரிலும், தீபாவளிக்குப் பூசை போடும் புதுக் கணக்குப் புத்தகத்திலும் 'சுப் லாப்' என்று எழுதியிருக்கும். தெற்கோ வடக்கோ, வியாபாரியின் வாயில் முந்திக்கொண்டு வருவது லாபம்தான். கணக்கில் முந்தி நிற்பதோ 'முதல்'. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்பின் பாதிப் பாடம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

முதல் என்றால் தொடக்கம். அடி, வேர், காரணம் என்றும் பொருள் உண்டு. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறார். மற்றவையெல்லாம் அவற்றின்மேல் நிற்கின்றன. இலக்கணத்தில் இன்னொரு வழக்கும் இருக்கிறது: முழுப்பொருள் முதல், அதன் உறுப்பு சினை. மரம் முதல், கிளை, இலை, காய் எல்லாம் சினை. காயைப் பறித்துத் தின்னலாம், மரத்தில் கைவைக்கக் கூடாது என்று இலக்கணக்காரர் சொல்லவில்லை. கடைக்காரர் சொன்னார்.

கடைக்காரர் சொன்னதை வள்ளுவர் கேட்டிருக்கிறார். 449-ஆம் குறளில் நல்ல துணை இல்லாத அரசனுக்கு உவமையாக முதல் இல்லாத வணிகனைக் காட்டுகிறார். 463-ஆம் குறளில், வரப்போகும் ஆக்கத்தை எண்ணிக் கையிலுள்ள முதலைத் தொலைக்கிற வேலையில் அறிவுள்ளவர் இறங்கமாட்டார் என்கிறார். அரசனுக்குப் புத்தி சொல்ல வந்தவர் உவமைக்குக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார் என்றால், அந்தச் சொல் அப்போதே அங்கே நன்றாகப் புழங்கியிருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே 449-இல் லாபத்துக்கு அவர் வைத்திருக்கும் சொல் 'ஊதியம்'. இன்று ஊதியம் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் மாதக் கடைசியில் தொழிலாளி வாங்குவது. வணிகனிடமிருந்த சொல் கூலிக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. காலியான இடத்தில் வடமொழி லாபம் உட்கார்ந்துகொண்டது. முதல் மட்டும் இடம் மாறவில்லை.

அந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் கருத்தைச் சோழர் காலக் கல்வெட்டுகள் ஆடுகளைக் கொண்டு விளக்குகின்றன. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரியவேண்டும் என்றால் நிறைய ஊர்களில் 90 ஆடு கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 96. ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாதா, கிழடாகாதா? ஆகும். ஆனால் செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்துத் தொகை குறையாமல் வைத்திருப்பது இடையரின் பொறுப்பு. அதற்குமேல் பெருகியதுதான் அவருக்கு. இன்றைய கணக்கர் 'தேய்மானம்' என்று தனி வரியில் எழுதுவதை அன்று ஆட்டின் பெயரிலேயே எழுதிவிட்டார்கள். தையல் மெஷினுக்கும் லேத்துக்கும் ஆயுள் உண்டு. அதை மாற்றுவதற்கான காசை ஒதுக்காமல் மிச்சத்தை எல்லாம் லாபம் என்று எண்ணுகிறவர் கோயில் ஆட்டை அடித்துத் தின்கிறார். பணமாகக் கொடுத்த அறக்கட்டளைகளிலும் இதே முறைதான். ராஜராஜன் காலத்தில் தஞ்சைக் கோயிலின் காசு ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போனது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை விழுக்காடு, பொலிசை. பொலிசை என்றால் வட்டி, பொலிதல் என்றால் பெருகுதல். ஐரோப்பியரின் 'கேப்பிடல்' என்ற சொல்லும் தலை என்று பொருள்படும் லத்தீனிலிருந்து வந்ததுதான். 'கேட்டில்' என்ற மாட்டுச் சொல் அதற்கு உடன்பிறப்பு. தலை எண்ணிச் செல்வம் பார்த்த காலம் அங்கேயும் இருந்திருக்கிறது.

இனி, இந்தச் சொல் புழங்கும் கடைத்தெருவான யானைக்கவுனிக்கு வருவோம். 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டுப் போன பிறகு, கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரத்துக்கும் மதில் வேண்டும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி முடிவு செய்தது. அந்த மதிலின் வாசல்களில் ஒன்றுதான் இது. கவுனி என்றால் கோட்டைவாசல். தெலுங்கு, கன்னடத்திலிருந்து வந்த சொல். (செட்டிநாட்டுக் கவுனி அரிசிக்கும் இதற்கும் உறவில்லை.) 1770-ஐ ஒட்டி மதிலைக் கட்டும் குத்தகையை எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் எஞ்சினியராக வந்து, குத்தகையில் பணம் பார்த்து, அதை ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்கு விட்டுப் பெரும்பணம் சேர்த்தவர். 1785-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசியபோது பென்ஃபீல்டை வறுத்தெடுத்தார். மதிலுக்கான செலவை மக்களிடம் வரியாக வாங்கவும் திட்டம் இருந்தது. வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் மதிலோரச் சாலையில் ஒட்டிக்கொண்டு வால்டாக்ஸ் ரோடு ஆயிற்று. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டின்மேல் ராயபுரத்துப் பக்கம் மாடிப் பூங்கா இருக்கிறது.

கவுனிக்கு உள்ளே சௌகார்பேட்டை. சாகுகார் என்ற இந்திச் சொல் சௌகார் ஆயிற்று: லேவாதேவிக்காரர், பெருவணிகர். தெருப் பெயர்களில் நம் சொல்லும் ஒளிந்திருக்கிறது: நாராயண முதலி தெரு, தேவராஜ முதலி தெரு. முதலி என்றால் முதன்மையானவர், சாதிப்பட்டமாக நிலைத்தது. 'சேட்டு' என்பது அடகுக்கடைக்கே பெயராகிவிட்டது. சேட்டும் செட்டியும் ஒரே வடமொழி வேரின் இரண்டு கிளைகள் என்று சொல்லும் அறிஞர்கள் பலர்.

இந்தத் தெருக்களில் 'முதல்' அருகே இன்னொரு சொல் எப்போதும் நிற்கும்: அசல். அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது. அதற்கும் வேர், அடி என்றுதான் பொருள். அகராதி இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடும், பேசுகிறவர்கள் கலப்பதில்லை. கடன் கொடுத்தவர் கணக்கில் அது அசல், கடையை நடத்துகிறவர் கணக்கில் முதல். 'அசலும் வட்டியும்' என்பார்கள். 'முதலும் வட்டியும்' அபூர்வம். 'கைமுதல்' என்பார்கள், 'கையசல்' கிடையாது.

இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளக்க வடசென்னையில் தண்டலைவிட நல்ல கோல் இல்லை. தண்டுதல் என்றால் வரி வசூலித்தல். பழைய அரசுகளில் தண்டல் ஓர் அதிகாரம். இன்று அது தினவசூல் கடன். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். பத்து விழுக்காடு வட்டிதானே என்று தோன்றும். ஆனால் ஐம்பதாம் நாளில் பாதிப் பணம் திரும்பப் போயிருக்கும். முழு 9,000 ஒருநாளுக்கு மேல் கடன்பட்டவரிடம் தங்குவதில்லை. சரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அளவு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது, தண்டலும் இருக்கிறது.

அந்த 9,000-க்கு ஓர் அம்மா நாராயண முதலி தெருவில் வளையல், கிளிப், ரிப்பன் மொத்தமாக வாங்கித் தண்டையார்ப்பேட்டையில் தள்ளுவண்டியில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 1,000 ரூபாய் விற்பனை. காலையில் முதல் வியாபாரம் 'போணி'. அதுவும் இந்தியிலிருந்து வந்த சொல். அந்த ஆயிரத்தில் கொள்முதல் 800, மிச்சம் 200. கொள்முதல் என்ற சொல்லிலும் முதல் இருப்பதைப் பாருங்கள். 800-க்கு மறுபடி சரக்கு எடுத்தாகவேண்டும். 200-இல் 100 தண்டலுக்கு. மீதி நூறு வீட்டுக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரம் 800-இலிருந்து கொஞ்சம் எடுத்தால், அடுத்த நாள் வண்டியில் சரக்கு குறையும், விற்பனை குறையும், தண்டலின் நூறு மட்டும் குறையாது. 'முதலுக்கே மோசம்' என்பது இதைத்தான். அப்படி நேராமல் நூறு நாள் ஓடிவிட்டால், நூற்றோராம் நாள் கடன் இல்லை, வண்டியில் 9,000 ரூபாய்ச் சரக்கு அப்படியே நிற்கிறது. இத்தனை நாள் அசலாக இருந்த பணம் அன்றைக்கு முதலாகிவிட்டது. தொழில் தொடங்குவது என்பது கடன் வாங்கும் நாளில் நடப்பதில்லை, இந்த மாற்றம் நடக்கும் நாளில்தான் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதலை ஆள்பவர் முதலாளி. ஆளுதல் என்றால் தின்னுதல் இல்லை. செட்டிநாட்டு நகரத்தார் இதைக் கறாராகக் கடைப்பிடித்தார்கள். முதலாளி ஊரில் இருப்பார். பர்மாவிலோ மலேயாவிலோ கடையை ஏஜெண்டு நடத்துவார். பேரேடு, பற்று, வரவு, கடைசியில் ஐந்தொகை. கடைப் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு என்ற கோடு அந்தக் கணக்கில் அழியாது. பிறகு இச்சொல்லுக்கு எதிரணி கிடைத்தது. 1918-இல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிற்சங்கம் தொடங்கியபோது, தொழிலாளியும் முதலாளியும் எதிரெதிரே மேடையேறினார்கள். இரண்டிலும் அதே 'ஆளி'. மார்க்ஸின் நூல் தமிழில் 'மூலதனம்' ஆனாலும், அவர் எதிர்த்த அமைப்புக்கு முதலாளித்துவம் என்றே பெயர் வைத்தோம். பணத்தைவிட ஆளின்மேல் கோபம் போலும். இப்போது தெருவில் 'ஓனர்' வந்து 'முதலாளி'யைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறது.

ஒருவர் கையில் முதல் போதாதபோது வருவது பங்கு. காசிமேட்டு விசைப்படகுக்காரர்களுக்கு அது பழக்கம்: டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகே படகுக்கும் ஆட்களுக்கும் பங்கு. அதைக் கப்பல் அளவுக்குக் கொண்டுபோனவர் பெயரில்தான் இன்று வால்டாக்ஸ் ரோடு இருக்கிறது: வ.உ.சி. சாலை. 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. முதல் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 'லிமிடெட்' என்பதன் பொருள், கம்பெனி மூழ்கினால் பங்குதாரர் போட்ட 25 ரூபாய் போகும், வீடு போகாது என்பதே. அதே மாதம் சென்னைக் கடற்கரையில் அர்பத்நாட் கம்பெனி கதவை அடைத்தது. அது கூட்டாளிகளின் நிறுவனம். வைப்புப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். பிறர் தந்த அசலை முதல் என்று எண்ணி ஆடியவர்கள் அந்தக் கூட்டாளிகள். அந்த இடிபாட்டிலிருந்துதான் 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயரும் நகரத்தார் சிலரும் சேர்ந்து இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

சுதேசிக் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடியது. எதிரி பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்தது. வேறு பல வழித்தடங்களில் சம்பாதிக்கிறவர் ஒரு தடத்தில் முதலை எரித்துக் குளிர்காயலாம். ஒரே தடத்தை நம்பியவருக்கு அது கட்டாது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் தண்டனை. 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இதை வியாபாரத் தோல்வி என்று சுருக்கி எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. போட்டியாளரும் சர்க்காரும் ஒரே பக்கம் நின்ற ஆட்டம் அது. ஆனால் நடத்துகிறவர் ஒருவரை எடுத்துவிட்டால் நிறுவனம் நிற்குமா என்ற கேள்வியை அதற்குப் பிறகு தொழில் தொடங்குகிற எவரும் தட்டிக்கழிக்க முடியாது.

'தொழில்முனைவோர்' புதிய சொல். முனைப்பைப் பேசுகிறது, முதலைப் பேசவில்லை. ரிச்சர்டு காண்டில்லன் என்ற ஐரிஷ்காரர் எழுதி, அவர் இறந்த பின் 1755-இல் பிரெஞ்சில் வெளிவந்த நூலில் இந்த ஆளுக்கு ஓர் இலக்கணம் கிடைக்கிறது: தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்கிறவர். தள்ளுவண்டி அம்மா அதற்குள் முழுசாக அடங்கிவிடுகிறார்.

தமிழ்நாடு அரசு 2012-இல் கொண்டுவந்த புதிய தொழில்முனைவோர் திட்டத்தில், சுருக்கமாக 'நீட்ஸ்', வங்கிக் கடனும் 25 விழுக்காடு மானியமும் உண்டு. ஆனாலும் பொதுப்பிரிவினர் திட்டச் செலவில் 10 விழுக்காடும் சிறப்புப் பிரிவினர் 5 விழுக்காடும் கையிலிருந்து போடவேண்டும். விண்ணப்பத்தில் அதன் பெயர் 'பங்களிப்பு'; வங்கி மேனேஜர் வாயில் அது இன்னும் கைமுதல்தான். 20 லட்சத்துத் திட்டத்துக்கு 2 லட்சம். அந்த இரண்டையும் வெளியே வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறவர்கள் உண்டு. அந்தத் திட்டத்தில் முதல் என்று ஒரு ரூபாய்கூட இல்லை, எல்லாமே அசல். மானியம் கணக்கில் ஏறும்வரை இரண்டு இடத்துக்கும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.