மக்தா நாஹ்மனும் எம்.பி.டி. ஆச்சாரியாவும்: சமய எல்லை கடந்த ஒரு மணவாழ்வு

முன்னுரை

தமிழகத்திலிருந்து புறப்பட்டு உலக அரங்கில் இயங்கிய விடுதலை வீரர்களைப் பற்றி எழுதுவோர் எம்.பி.டி. ஆச்சாரியாவைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆயினும் அவருடைய மனைவியாகிய ஓவியர் மக்தா நாஹ்மனைப் பற்றி அக்கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே தொடரோடு நின்றுவிடுகின்றன. 'ரஷ்யப் பெண் ஒருவரை மணந்தார்' என்பதே அத்தொடர். சில இடங்களில் 'யூதப் பெண்' என்ற குறிப்பும் காணப்படும். இவ்விரு அடையாளங்களும் எந்த அளவிற்குப் பொருந்துவன, இத்தம்பதியரின் உறவை வரலாற்று நோக்கில் எவ்வாறு புரிந்துகொள்வது என்னும் வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

இருவர் வந்த வழி

மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியார் 1887இல் சென்னையில் வைணவ ஐயங்கார் குடும்பமொன்றில் பிறந்தவர். பாரதியார் எழுதிய 'இந்தியா' வார இதழின் வெளியீட்டில் பங்குகொண்டவர். 1908இல் அவ்விதழின்மீது அரசு நடவடிக்கை எடுத்தபோது புதுச்சேரி சென்று, அங்கிருந்து ஐரோப்பாவை அடைந்தார். கடல் கடத்தலையே குற்றமாகக் கருதிய வைதிகச் சூழலில் பிறந்த அவர், இலண்டன் இந்தியா இல்லம், பெர்லின் இந்தியக் குழு எனப் பல களங்களில் பணியாற்றி, முதல் உலகப் போருக்குப் பின் சோவியத் நாட்டை வந்தடைந்தார். 1920 அக்டோபரில் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி அமைக்கப்பட்டபோது அதன் நிறுவன உறுப்பினருள் ஒருவராக இருந்தார். எம்.என். ராயுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் விரைவிலேயே விலகி மாஸ்கோ சேர்ந்தார்.

மக்தா நாஹ்மன் 1889இல் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். தந்தை யூதர், தாய் பால்டிக் ஜெர்மானிய மரபினரான லூத்தரன் கிறித்தவர். புனித பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்வன்ட்சேவா ஓவியப் பள்ளியில் லியோன் பாக்ஸ்டிடம் பயின்றார். கவிஞர் மரீனா ஸ்வெத்தாயெவாவை 1913இல் அவர் தீட்டிய உருவப்படம் இன்றளவும் போற்றப்படுகிறது. புரட்சிக்குப் பிந்திய பஞ்ச காலத்தில் சிற்றூர் நாடக அரங்கொன்றில் காட்சியமைப்புப் பணி செய்து வாழ்ந்த அவர், மாஸ்கோ திரும்பிய பின்னர் ஆச்சாரியாவைச் சந்தித்தார். இருவரும் மணந்துகொண்டு 1922ஆம் ஆண்டின் இறுதியில் பெர்லின் சென்றனர். மக்தா மீண்டும் தாய்நாட்டைக் காணவில்லை.

நான்கு சட்டங்கள், நான்கு கணக்குகள்

மக்தாவை யூதப் பெண் எனலாமா? விடை, வினவப்படும் சட்டத்தைப் பொறுத்தது என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும்.

முதலாவது, ஜார் ஆட்சிக் காலச் சட்டம். அக்காலத்தில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் கிறித்தவரல்லாதாரை மணக்க இயலாது. லூத்தரன் திருச்சபையினர் யூதரை மணக்க இசைவு இருந்தது. ஆயினும் பிள்ளைகள் கிறித்தவராக வளர்க்கப்படல் வேண்டும். மக்தாவின் பெற்றோரது மணமே இவ்வாறு சமய எல்லையைக் கடந்த ஒன்றாகும். மக்தாவும் லூத்தரனாகவே திருமுழுக்குப் பெற்றார்.

இரண்டாவது, யூத சமயச் சட்டம். அது தாய்வழியையே அளவுகோலாகக் கொள்வதால், அச்சட்டத்தின்படி மக்தா யூதர் அல்லர்.

மூன்றாவது, நாஜி ஜெர்மனியின் சட்டம். 1933 ஏப்ரலில் வெளியான அரசுப் பணியாளர் சட்டமும் அதன் விதிகளும் பெற்றோர் ஒருவரோ பாட்டன் பாட்டியருள் ஒருவரோ யூதராக இருப்பினும் ஒருவரை 'ஆரியர் அல்லாதார்' என வகைப்படுத்தின. அதே ஆண்டு செப்டம்பரில் அமைக்கப்பட்ட பண்பாட்டு அவை, கலைஞர் தம் தொழிலைச் செய்வதற்கே உறுப்பியத்தைக் கட்டாயமாக்கிற்று. தம் வாழ்நாளில் யூத வழிபாட்டு முறையில் வளராத ஓவியர் ஒருவர் இவ்வாறு பிறப்பின் பெயரால் விலக்கப்படும் நிலைக்குத் தள்ளப்பட்டார். அவருடைய கணவரோ நிறத்தால் அயலார், கொள்கையால் அரசின்மைவாதி.

நான்காவது, பிரித்தானிய இந்தியச் சட்டம். 1872ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணம் செய்வோர் தாம் இந்து, கிறித்தவர், யூதர், இசுலாமியர் முதலிய எச்சமயத்தையும் சாராதவர் என உறுதிமொழி அளிக்கவேண்டியிருந்தது. 1923ஆம் ஆண்டுத் திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமண சமயத்தாருக்கிடையே மட்டுமே இத்தடையைத் தளர்த்திற்று. ஆகவே, தாய்நாட்டில் இவ்விருவரும் தத்தம் சமயத்தைத் துறந்ததாக அறிவித்தாலன்றி அச்சட்டத்தின்வழி மணந்திருக்க இயலாது. 1917 டிசம்பர் ஆணைக்குப் பின்னர் சோவியத் நாட்டில் திருமணம் குடிமைப் பதிவாக மாறியிருந்தது; சமயம் பற்றிய வினாவிற்கு அங்கு இடமில்லை. இவர்தம் மணம் மாஸ்கோவில் அமைந்ததன் முக்கியத்துவத்தை இந்நோக்கில் காணலாம்.

பெர்லினும் வெளியேற்றமும்

பெர்லினில் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இருவரும் வறுமையோடு போராடினர். ஆச்சாரியா அரசின்மைவாத இதழ்களுக்கு எழுதினார். மக்தா ஓவியம் தீட்டி விற்றார். 1928இல் நடைபெற்ற அவருடைய கண்காட்சியைப் பற்றி, அந்நாளில் சிரின் என்னும் புனைபெயரில் எழுதிவந்த விளாதிமிர் நபோக்கோவ் ரஷ்யமொழி நாளேடொன்றில் மதிப்புரை எழுதினார். நபோக்கோவ் ஆர்த்தடாக்ஸ் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1925இல் பெர்லினில் மணந்த வேரா யூதப் பெண். இத்தம்பதியரும் 1937இல் ஜெர்மனியைவிட்டு வெளியேற நேர்ந்தது. எனவே மக்தாவின் நிலை தனித்ததொன்றன்று எனத் துணியலாம்.

இங்குச் சுட்டத்தக்க முரண் ஒன்றுண்டு. 1914ஆம் ஆண்டுப் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தின்படி, பிரித்தானியக் குடிமகனை மணக்கும் பெண் தானும் அக்குடியுரிமை பெறுவாள். சென்னையில் பிறந்த ஆச்சாரியா, தாம் எதிர்த்துப் போராடிய பேரரசின் குடிமகனாகவே சட்டத்தின்முன் நின்றார். 1934இல் பிரித்தானியக் கடவுச்சீட்டுப் பெற்று இருவரும் ஜெர்மனியைவிட்டு நீங்கினர். பேரரசை எதிர்த்தவரின் கரம்பற்றியதனால் கிடைத்த அப்பேரரசின் குடியுரிமையே மக்தாவிற்குப் புகலிடம் தேடித் தந்தது.

பம்பாய் வாழ்க்கை

சுவிட்சர்லாந்து, பாரிஸ் வழியாக முதலில் ஆச்சாரியாவும், பின்னர் மக்தாவும் பம்பாய் வந்துசேர்ந்தனர். அங்கு மக்தா பம்பாய்க் கலை வட்டாரத்தில் மதிக்கத்தக்க ஓவியரானார். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த கலைஞர் பலர் அந்நகரில் கூடியிருந்தனர். வியன்னாவிலிருந்து 1939இல் வந்த யூத நடனக் கலைஞர் ஹில்டே ஹோல்கர், பார்சி மருத்துவராகிய போமன்-பெஹ்ராம் என்பாரை 1940இல் மணந்தார். சமய எல்லை கடந்த உறவுகளுக்குப் போர்க்காலப் பம்பாய் ஓரளவு இடமளித்தது என்பதற்கு இதுவும் சான்றாகிறது.

1951 பிப்ரவரி 12ஆம் நாள், தம் ஓவியக் கண்காட்சி திறக்கப்படுவதற்குச் சில மணி நேரத்திற்கு முன்னர் மக்தா காலமானார். நோயும் வறுமையும் சூழ்ந்த நிலையில் ஆச்சாரியா 1954 மார்ச்சில் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில்தான், இரு சமயத்தார் தத்தம் சமயத்தைத் துறவாமலே மணக்க வழிசெய்யும் சிறப்புத் திருமணச் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 1955 ஜனவரி முதல் நாள்.

முடிவுரை

காதலுக்குச் சான்றாகக் கடிதங்களையும் கவிதைகளையும் தேடுவது வழக்கம். இவர்களைப் பொறுத்தவரை, பல நாடுகளில் கடந்த ஏறக்குறைய முப்பதாண்டுக் கால வாழ்வே போதிய சான்று எனக் கருதுகிறோம். இருவரும் பிரிந்து தனித்தனியே வாழ்ந்திருந்தால் துன்பம் சில குறைந்திருக்கக்கூடும். அவர்கள் அதனை நாடவில்லை.

இவ்வாய்வினின்று இரு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, 'யூதப் பெண்', 'இந்து ஆடவர்' என்னும் அடையாளங்களை வரலாற்றாசிரியர் எடுத்தாளும்போது, அவற்றை வழங்கியவர் யார் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். அவ்வாறு கூறாவிடின், மக்தாவை யூதர் எனப் பட்டியலிட்ட நாஜி அலுவலரின் கணக்கையே நாமும் அறியாது பின்பற்றியவராவோம். மற்றொன்று, ஆச்சாரியாவின் வரலாற்றில் மக்தாவிற்கு உரிய இடம். லீனா பெர்ன்ஸ்டைன் 2020இல் வெளியிட்ட மக்தாவின் வாழ்க்கை வரலாறும், ஓலே பிர்க் லார்சன் 2023இல் வெளியிட்ட ஆச்சாரியாவின் வரலாறும் இன்று நம் கைக்கு எட்டும் நிலையில் உள்ளன. பாரதியாரின் 'இந்தியா' இதழைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள், அவ்விதழுடன் தொடர்புடைய ஒருவரின் இல்லத்தைத் தம் தூரிகையால் தாங்கிய இவ்வம்மையாரின் பெயரையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்துவது பொருத்தமாகும்.