அலையாத்தித் தாவரங்களின் தகவமைப்பு

அலையாத்தித் தாவரங்கள் என்பவை வெப்பமண்டல, துணை வெப்பமண்டலக் கடலோரங்களிலும் கழிமுகங்களிலும், ஓதம் ஏறி இறங்கும் சேற்று நிலத்தில் வளரும் மரங்களும் புதர்களும் ஆகும். இலங்கையில் இவற்றைக் கண்டல் என்பர். உலகில் ஏறத்தாழ 70 இனங்கள் உள்ளன. இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. உறவில்லாத பல குடும்பங்களின் தாவரங்கள் ஒரே வகைச் சூழலுக்கு ஈடுகொடுத்துத் தனித்தனியே ஒத்த பண்புகளைப் பெற்றுள்ளன. தமிழ்நாட்டில் கடலூர் மாவட்டத்தின் பிச்சாவரத்திலும் திருவாரூர் மாவட்டத்தின் முத்துப்பேட்டையிலும் பெரிய அலையாத்திக் காடுகள் உள்ளன.

வேரும் காற்றும்

நீர் நிறைந்த சேற்றில் ஆக்சிசன் மிகக் குறைவு. அதனால் வேர்கள் காற்றை மேலிருந்து பெற வேண்டும். வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் கிடைவேர்களிலிருந்து விரல் பருமனில் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நிமிர்ந்து வளர்கின்றன. சுரபுன்னை என்னும் மற்றோர் அலையாத்தி மரத்திலோ தண்டிலிருந்து வளைந்திறங்கும் முட்டுவேர்கள் மரத்தைத் தாங்கி நிற்பதோடு காற்றையும் உள்ளே அனுப்புகின்றன. இவ்வேர்களின் பட்டையிலுள்ள நுண்துளைகள் வழியாக நுழையும் காற்று, உட்புறக் காற்றறைத் திசுவால் சேற்றுக்குள் இருக்கும் வேர் வரை செல்கிறது. ஆய்வாளர் சோலாண்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1955இல் வெளியிட்ட ஆய்வில், சுரபுன்னையின் இனமொன்றில் முட்டுவேர்த் துளைகளைப் பசையால் அடைத்தபோது சேற்றிலிருந்த வேர்ப்பகுதியில் ஆக்சிசன் வெகுவாகக் குறைந்தது.

உப்பைக் கையாளுதல்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் உள்ளன. அலையாத்தி வேர்கள் நீரை உறிஞ்சும்போதே உப்பின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடுகின்றன. இந்த வடிகட்டல் சுரபுன்னையில் மிகத் திறமையாக நடக்கிறது. வெண்கண்டல், உள்ளே புகுந்த உப்பை இலைச் சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. வெயில் நேரத்தில் அதன் இலைகளில் உப்புப் படிகங்களைக் காணலாம். எனினும் உப்பு அலையாத்தித் தாவரங்களுக்குத் தேவை அன்று, தாங்கிக்கொள்ளும் சுமையே. கடல்நீரைவிட உப்புக் குறைந்த நீரில்தான் பெரும்பாலான இனங்கள் செழித்து வளர்கின்றன.

இனப்பெருக்கம்

சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்குகிறது. முற்றிய நாற்று விழுந்து சேற்றில் வேரூன்றும்; அல்லது நீரில் மிதந்து வேறு கரையை அடையும். வெண்கண்டலில் கரு விதையுறையைப் பிளந்தாலும் கனிக்குள்ளேயே இருந்து, கனி உதிர்ந்த பின் வெளிவருகிறது. விழுந்த பிறகு முளைக்கக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், ஓதம் தாழ்ந்திருக்கும் குறுகிய வேளையிலும் வேர்பிடிக்க வாய்ப்புக் கூடுகிறது.

விலங்குகள்

இச்சேற்றில் வாழும் விலங்குகளும் ஓதத்தின் போக்குக்கு இசைந்தவை. மட்ஸ்கிப்பர் மீன், ஈரமான தோலாலும் வாயின் உட்பரப்பாலும் சுவாசித்துக்கொண்டு, துடுப்புகளை ஊன்றித் தரையில் நகர்கிறது. பிடில் நண்டுகள் நீர் வடிந்ததும் வெளியே வந்து இரை தேடி, நீர் ஏறும்போது வளைக்குள் புகுந்துகொள்கின்றன. அவை தோண்டும் வளைகளால் சேற்றுக்குள் காற்றும் நீரும் சென்றுவருவதால் மரங்களுக்கும் பயன் உண்டு.

தகவமைப்பின் எல்லை

அலையாத்தி மரங்கள் இணங்கியிருப்பது வந்து வடியும் நீருக்கு. தேங்கும் நீருக்கு அன்று. மூச்சுவேர்கள் நெடுநாள் மூழ்கிக் கிடந்தால் மரம் பட்டுப்போகும். பிச்சாவரத்தில் முன்னர் காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டியதால் திறந்த சேறு காய்ந்து தாழ்ந்தது. அப்பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வடியாமல் ஆவியாகி உப்பு மிகுந்தது. அதனால் புதிய நாற்றுகள் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களுடன் சேர்ந்து வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்துபோக வழிசெய்து நாற்றுகளை நட்டன. அதன் பின் அப்பகுதிகளில் காடு மீண்டும் வளர்ந்தது. பிச்சாவரம் 2022இல் ராம்சர் உடன்படிக்கையின் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.