மூன்று சிலிண்டரில் கண்டி சேர்ந்த மொரிஸ் மைனர்

பேராதனையிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு ஏறும் பாதை, மோட்டார் வண்டிகளுக்காக வகுக்கப்பட்ட பாதை அன்று. முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் பிறந்த பாதை அது. ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் தெல்தோட்டைக்கு அருகிலேயே இருக்கின்றது. தோட்டங்களிலிருந்து மூட்டைகள் மாட்டு வண்டியில் இறங்கிய காலம் போய், லொறிகளும் வாடகைக் கார்களும் வந்தபோதும் வளைவுகள் மட்டும் மாறவில்லை. அந்த வளைவுகளில்தான் ஓர் எஞ்சினின் மிகச் சிறிய உறுப்பொன்று எத்தனை பெரியது என்பதை நான் கற்றுக்கொண்டேன்.

என் மாமா ஒரு மொரிஸ் மைனர் வைத்திருந்தார். தோட்டத்தில் எவருக்காவது நோய் முற்றினால், பிரசவ வலி கண்டால், இரவு எந்நேரமென்றாலும் அவருடைய கதவைத்தான் தட்டுவார்கள்.

மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். முதலில் வந்த வண்டிகளில் வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டிலேயே நின்றன. அவற்றில் ரொக்கர் ஆர்ம் என்ற உறுப்பே இல்லை. 1952இல் 803 சிசி எஞ்சின் பொருத்தப்பட்டதும் வால்வுகள் தலைக்கு மேலே போயின. 1956இல் அதே குடும்பத்தின் 948 சிசி எஞ்சினும், 1962இல் 1098 சிசி எஞ்சினும் வந்தன. மாமாவின் வண்டி 948 சிசி.

இந்த எஞ்சினில் கெம் ஷாஃப்ட் கீழே இருக்கின்றது. வால்வு மேலே இருக்கின்றது. கெம் ஷாஃப்ட் டெப்பட்டைத் தள்ள, டெப்பட் புஷ் ரொட்டைத் தள்ள, புஷ் ரொட் ரொக்கரின் ஒரு முனையை உயர்த்த, மறுமுனை தாழ்ந்து வால்வைத் திறக்கும். சிறுவர் விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையை ஒத்தது இது. நான்கு சிலிண்டர்களுக்கு எட்டு வால்வுகள், எட்டு ரொக்கர்கள். எட்டும் ஒரே ஷாஃப்ட்டில் கோக்கப்பட்டிருக்கும். அந்த ஷாஃப்ட் உள்ளே குழாய்போல் வெறுமையானது. கீழிருந்து ஏறிவரும் ஒயில் அதனுள் ஓடி, சிறு துளைகள் வழியே ஒவ்வொரு ரொக்கரையும் நனைக்கும். அந்தத் துளையில் கசடு அடைத்தால் ரொக்கர் வரண்டு போகும். வரண்ட ரொக்கர் தன்னையும் தேய்க்கும். தன்னைத் தாங்கும் ஷாஃப்ட்டையும் தேய்க்கும். புஷ் ரொட்டும் வால்வு ஸ்ப்ரிங்கும் இரு முனைகளிலும் ரொக்கரை மேல்நோக்கியே தள்ளுவதால், ஷாஃப்ட் தன் அடிப்பக்கத்திலேயே தேயும். மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் புதிதாகவே தெரியும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் தெல்தோட்டைக் கடைவீதியின் பின்புறம் தகரக் கொட்டிலொன்றில் வேலை செய்த மெக்கானிக். அவருக்கு அப்போது முப்பது வயதிருக்கும். தோட்ட லயத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்றின் முனையை எஞ்சின் மீது வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எஞ்சின் சூடேறியதும் மறையும் சத்தம் என்றால் அஞ்சவேண்டியதில்லை என்பார். சூடேறிய பின்பும் விடாமல் "டிக், டிக்" என்று தட்டினால் மூடியைக் கழற்றுவார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே எந்த ரொக்கரில் ஒயில் பளபளக்கவில்லை என்று பார்ப்பார். பின்பு பீலர் கேஜின் தகட்டை ஒவ்வொன்றின் கீழும் நுழைப்பார். எதில் நுழைக்கும்போது சத்தம் அடங்குகிறதோ அதுவே குற்றவாளி. எஞ்சினை நிறுத்திவிட்டு அந்த ரொக்கரைப் பிடித்து மேலும் கீழும் அசைப்பார். ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

இடைவெளியைச் சரிசெய்யும்போது அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒன்பதின் கணக்கு. முதலாம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாம் வால்வைச் சரிசெய்ய வேண்டும். மூன்றாவது திறந்தால் ஆறாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு, ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். கூடினால் தட்டும், குறைந்தால் சத்தமில்லாமல் வால்வைச் சுட்டெரிக்கும். "தட்டுறது நல்லதுண்ணே, சொல்லிட்டுத்தான் கெடும். சத்தமில்லாததுதான் ஆபத்து" என்று மாமாவிடம் அவர் கூறியது இன்றும் காதில் நிற்கின்றது. ரொக்கரின் முனை குழிந்திருந்தால் பீலர் கேஜும் பொய் சொல்லும். தகடு குழியின் மேல் பாலம்போல் நின்றுகொள்ள, உண்மையான இடைவெளி அதிகமாகவே இருக்கும்.

அந்த ஆண்டுகளை நினைவுகூராமல் இக்கதையைச் சொல்ல முடியாது. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 1960களின் தொடக்கத்திலேயே கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970இல் பதவிக்கு வந்த அரசு அதனை மேலும் இறுக்கியது. 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியது. தோட்டங்களில் அரிசியும் மாவும் கிடையாமல் மக்கள் பட்டினியால் மடிந்த காலமும் அதுவே. உதிரிப்பாகம் என்பது எட்டாக்கனி. பழைய ஒயிலைத் துணியில் வடித்து மீண்டும் ஊற்றியவர்களை நான் கண்டிருக்கிறேன். பெற்றோலை மிச்சப்படுத்த, இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விட்டு ஓட்டினார்கள். வளைவு வந்ததும் அவசரமாக இரண்டாம் கியரில் செருகுவார்கள். சக்கரங்கள் எஞ்சினை அதன் எல்லைக்கு மேல் சுழற்றும். வால்வு ஸ்ப்ரிங்கால் அந்த வேகத்தைத் தொடர முடியாது. புஷ் ரொட் வளையும், அல்லது ரொக்கர் முறியும்.

எங்கள் ரொக்கர்களில் ஒன்று வரண்டிருப்பதாக மெக்கானிக் இரண்டு மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா தள்ளிப்போட்டார். புதிய பாகம் கிடைக்காது, வண்டியை நிறுத்தினால் வீட்டில் அடுப்பெரியாது.

1974ஆம் ஆண்டு மழைக்கால இரவொன்றில், பிரசவ வலியால் துடித்த ஒரு பெண்ணைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றோம். இரவுப் பயணம் என்பதால் மெக்கானிக்கும் முன் ஆசனத்தில் இருந்தார். நான் பின்னால், அந்தப் பெண்ணின் தாயாருக்குப் பக்கத்தில். கலஹாவுக்கு முன்னர் ஓர் இறக்கத்தில் மாமா அவசரமாகக் கியரை மாற்றினார். உலோகம் முறியும் ஓசை கேட்டது. எஞ்சின் குலுங்கத் தொடங்கியது.

மெக்கானிக் இறங்கி, டோர்ச் வெளிச்சத்தில் மூடியைக் கழற்றினார். ஓர் உள்வால்வின் ரொக்கர் வால்வுப் பக்கம் முறிந்திருந்தது. துண்டு உள்ளே விழுந்துவிடாமல் விரலால் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த ரொக்கருக்குரிய புஷ் ரொட்டை உருவி என் கையில் தந்தார். தள்ளுவார் இல்லாததால் வால்வு மூடியே இருக்கும். அந்தச் சிலிண்டருக்குள் பெற்றோல் போகாது. மற்ற மூன்றும் இழுக்கும். "மெதுவா போங்கண்ணே, சேர்த்துடலாம்" என்றார். சேர்ந்தோம். விடியற்காலையில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள். ஒயில் பிசுபிசுத்த அந்தப் புஷ் ரொட்டை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விடியும்வரை நான் கையில் வைத்திருந்தேன்.

பின்னர் அவர் கண்டியில் ஒரு லேத் பட்டறையில் வெண்கலத்தில் புஷ் கடைவித்து, பழைய வண்டியொன்றின் ரொக்கரில் பொருத்தினார். ஷாஃப்ட்டின் அடைப்புகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவதாக மாமாவிடம் சத்தியம் வாங்கினார். அதன் பிறகு அந்த எஞ்சினில் ரொக்கர் முறியவே இல்லை.

ஆனால் அவர் போய்விட்டார். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எனக் கணக்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இன் சிறிமா - இந்திரா ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. அந்த எண்களுள் ஒன்று அவருடையது. தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதத்தை மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். கண்டி நிலையத்துக்கு அவரையும் குடும்பத்தையும் மாமாவே அந்த மொரிஸ் மைனரில் கொண்டுபோய் விட்டார். இறங்கும் முன் அவர் கடைசியாக ஒருமுறை தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டார். "நாலும் நல்லா இழுக்குதுண்ணே" என்றார்.

தேயிலை எத்தனை இறாத்தல் ஏற்றுமதியானது என்பதற்கு ஏடுகள் உண்டு. கப்பலேறியவர்கள் கையில் எத்தனை தொழில்நுட்பம் போனது என்பதற்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை. பத்திரிகைத் தொழிலில் பல ஒப்பந்தங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். எழுதும்போதெல்லாம் அந்த ஸ்குரூ டிரைவர்தான் நினைவில் வரும்.

1977இன் பின் இறக்குமதி திறந்தது, ஜப்பானிய வண்டிகள் நிறைந்தன. 2020 மார்ச்சில் இறக்குமதி மீண்டும் நின்று, 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளைக் காப்பாற்ற அலைந்தவர்கள் பலர். இன்றைய எஞ்சின்களிலும் பெரும்பாலானவற்றில் ரொக்கர் வேறு வடிவில், உருளையோடு இருக்கவே செய்கின்றது. பலவற்றில் இடைவெளியை ஒயில் அழுத்தமே சரிசெய்துகொள்ளும். ஆகையால் ஒயிலை மறந்தவருக்கு அதுவும் தட்டும்.

தட்டும்போது கேளுங்கள். அது சொல்லிவிட்டுத்தான் கெடுகின்றது.