அளவை அறிவும் ஏட்டுக் கணக்கும்

எழுத்தறியாத குழந்தையும் அளவறியும். தம்பியின் கிண்ணத்தில் தன்னுடையதினும் சிறிது கூடுதலாகப் பாயசம் விழுந்தால், அதனைக் கண்டு வழக்குரைக்காத பிள்ளை எந்த வீட்டில் உண்டு? ஆயினும் அதே பிள்ளை பள்ளியில் பின்னக் கணக்கைக் கண்டு மருள்வது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண வேண்டின், நம் முன்னோர் கணக்குக் கற்பித்த முறையையும், அம்முறை மாறிய வரலாற்றையும் சிறிது நோக்குதல் வேண்டும். மும்பை மாநகரில் வாழும் தமிழராகிய நமக்கு இஃது ஏதோ பழங்கதை அன்று. நம் மக்களின் கல்வியைப் பற்றியதாகும்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி எண் பயின்றனர். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்பன அவர்கள் மனப்பாடம் செய்த வாய்பாடுகள். இவற்றுள் நெல்லிலக்கம் நெல்லளவைக் கணக்கு. குழிமாற்று நிலம் அளப்போர்க்கு வேண்டும் பெருக்கல். பெயர்களே இக்கல்வி எங்கிருந்து பிறந்தது என்பதைக் காட்டும். களத்திலும் கடையிலும் வயலிலும் நிகழ்ந்த அளவையே பள்ளியில் பாடமாயிற்று.

இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். இவ்வரிசையை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். உரி என்பது அரை நாழி. உழக்கு என்பது கால் நாழி. ஆழாக்கு என்பது அரைக்கால் நாழி. அடுக்களையில் அன்னைக்கு அரிசி அளந்து கொடுத்த சிறுமி, அரையில் பாதி கால் என்பதைக் கையாலேயே அறிந்திருந்தாள். கலத்திற்குத் தொண்ணூற்றாறு நாழி; முக்கால் கலம் எழுபத்திரண்டு நாழி, அதாவது ஒன்பது குறுணி. இது போன்ற கணக்கை ஏடும் எழுத்தாணியும் இன்றி மனத்திலேயே செய்வதற்கு மனக்கணக்கு என்று பெயர்.

பின்னங்களும் அவ்வாறே பெயர் பெற்றிருந்தன. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அதனினும் நுண்ணிய கீழ்முந்திரி 1/1,02,400 ஆகும். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரமோ, பலாப்பழத்தைப் பிளவாமலே காம்பருகில் உள்ள முள்ளை எண்ணிச் சுளைத் தொகை கூறும் வழியைச் சொல்கிறது. விளையாட்டுப் போலத் தோன்றினும், கண்ட பொருளிலிருந்து காணாத தொகையை உய்த்துணரும் பழக்கத்தை அது பிள்ளைக்கு ஊட்டிற்று.

இவ்வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. நாம் வாழும் இம்மராட்டிய நாட்டில் பாவ்கி, நிம்கி, பாவுண்கி, சவாய்கி, தீட்கி, அடீச்கி, ஔட்கி எனக் காலில் தொடங்கி மூன்றரை வரை பின்ன வாய்பாடுகள் ஓதப்பட்டன. வங்கத்தில் சுபங்கரர் பெயரால் வழங்கிய செய்யுள் விதிகள் கடைக்காரர்க்கும் உழவர்க்கும் துணை நின்றன.

எனினும் பழமை அனைத்தும் பொன் என்று கூறோம். சர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய விவரத்தின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அவருள் பெண்கள் 4,540 பேரே. உழுது அளந்து கொடுத்த எளிய மக்களின் பிள்ளைகள் பலர்க்குத் திண்ணையேறும் உரிமையே இல்லை. பிரம்படியும் மிகுதி. இக்குறைகளை மறைத்தல் வரலாறாகாது.

1854ஆம் ஆண்டின் கல்வி அறிக்கைக்குப் பின்னர் மானியமும் மேற்பார்வையும் அச்சிட்ட பாடநூலும் பெருகின. பள்ளியின் வாயில் மெல்ல விரிந்தது; ஆனால் கணக்கு வீட்டை விட்டு விலகியது. உழக்கறிந்த பிள்ளை பவுண்டும் ஷில்லிங்கும் எழுதலாயிற்று. மனக்கணக்கினும் பலகைக் கணக்கே மேலானது என்னும் எண்ணம் வேரூன்றிற்று.

இருப்புப் பாதை அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் நமக்கு இங்கே ஒரு செய்தி நினைவிற்கு வருகிறது. இந்தியாவில் மீட்டர் அளவை புகுத்தப்படும் என்ற எதிர்பார்ப்பில், 1870இல் குறும்பாதையின் அகலம் சரியாக ஒரு மீட்டர் என வகுக்கப்பட்டது. அளவைச் சட்டமோ அப்போது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே எழும்பூரிலிருந்து தூத்துக்குடி வரை மக்கள் மீட்டரின் மேல் பயணம் செய்துகொண்டே அடியும் அங்குலமும் பேசி வந்தனர்! 1956இல் அளவைச் சட்டம் இயற்றப்பெற்றது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு நயா பைசா ஆயிற்று. நாடு முழுவதற்கும் ஒரே அளவை என்பது பெரும்பேறே. ஆயினும் நாக்கு எளிதில் மாறவில்லை. இருபத்தைந்து காசு நாணயம் 2011இல் செல்லாததான பின்னும் ‘நாலணா’ என்னும் சொல் வழங்குகிறது.

இன்றைய நிலை யாது? திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் தொழில் நடத்திய தமிழர் பலர் குடியேறிய தாராவியை எடுத்துக் கொள்வோம். அங்கே தையல், ஜரிகை, தோல் வேலைகளின் நடுவே வளரும் பிள்ளைகளின் அளவை அறிவை, இந்நகரத்து ஓமி பாபா அறிவியல் கல்வி மையத்தார் ஆராய்ந்துள்ளனர். சாணும் விரலும் கொண்டு மதிப்பிடவும், பாதி, கால் எனப் பகுக்கவும் அறிந்த பிள்ளைகள் அங்கு உளர். அவ்வறிவு பள்ளிக் கணக்கோடு இணையாது நிற்கிறது. ‘பாவ் கிலோவும் ஆதா கிலோவும் சேர்ந்தால் பௌன் கிலோ’ எனக் கடையில் தயங்காது சொல்லும் பிள்ளை, கரும்பலகையில் 1/4 + 1/2 எனக் கண்டதும் வாயடைத்து நிற்கிறது. தனக்குக் கணக்கு வாராது என்று நம்பிப் பள்ளியையே துறக்கும் பிள்ளையும் உண்டு. தெரிந்த பிள்ளையைத் தெரியாத பிள்ளையாக்குவதினும் பெரிய இழப்பு வேறென்ன? 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டமும், பள்ளி அறிவை வெளி வாழ்வோடு இணைத்தலையே தன் முதற்கொள்கையாக வைத்தது.

பழைய மரக்காலைக் கடைவீதிக்கு மீட்டும் கொணர வேண்டுவதில்லை. கிலோவும் லிட்டரும் நிலைபெறுக. நாம் வேண்டுவது, பிள்ளை கையால் அறிந்ததை ஆசிரியர் முதலில் கேட்டறிதல் வேண்டும் என்பதே. சங்கத்து அன்பர்கள் தத்தம் வீட்டுப் பரணில் கிடக்கும் படியையும் உழக்கையும் எடுத்துத் துலக்குக. பிள்ளைகள் அவற்றால் அரிசி அளந்து, கிராமில் நிறுத்துப் பார்க்கட்டும். பாட்டி சொல்லும் அரைக்கால், கடைக்காரர் சொல்லும் ஆதா பாவ், ஆசிரியர் எழுதும் 0.125 ஆகிய மூன்றும் ஒன்றே எனக் காணும் பிள்ளைக்குப் பின்னம் அச்சம் தாராது.