பழைய ஆர்கேட் இயந்திரத்துக்கு எந்த மின்வழங்கி?

1978இல் டோக்கியோவின் டைட்டோ நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் தொமொஹிரோ நிஷிகாடோ. அமெரிக்காவில் அதைத் தயாரித்து விற்றது மிட்வே. இவ்விளையாட்டை இயக்கிய இன்டெல் 8080 நுண்செயலிக்கு +5, +12, -5 என மூன்று மின்னழுத்தங்கள் தேவை. -5 வோல்ட் அற்பமாகத் தோன்றினாலும், அது இல்லாமல் மற்றவை மட்டும் வந்தால் சில்லே பழுதாகலாம்.

மிட்வே பதிப்பின் மின்வழங்கி பழைய நேர்முறை வகையைச் சார்ந்தது: இரும்புக் கருவுடைய கனத்த மின்மாற்றி, டயோடுகள், பெரிய மின்தேக்கிகள், சீராக்கிகள். அதற்கு ஓராண்டு முன்னரே ஆப்பிள் II கணினி எஸ்.எம்.பி.எஸ். முறைக்கு மாறியிருந்தது. எடை பொருட்டல்லாத மரப்பெட்டி இயந்திரத்துக்கு அந்த அவசரம் இல்லை.

இத்தகைய இயந்திரமொன்றைத் திருவனந்தபுரத்தில் உயிர்ப்பிக்க முனைபவருக்கு அமெரிக்கக் கையேடுகள் பாதி வழிதான் காட்டும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க ஒரு மின்மாற்றி போதும். அதிர்வெண்ணை அது மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே அளந்து செய்த மின்மாற்றியை அதே மின்னழுத்தத்தில் 50இல் ஓட்டினால், அதன் கருவில் காந்தப் பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடும், சூடும் ஏறும். ஜப்பானிய இயந்திரத்தின் நிலை வேறு. 1895இல் டோக்கியோ ஜெர்மனியின் ஏ.இ.ஜி. மின்னாக்கிகளையும், மறு ஆண்டு ஒசாகா அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் மின்னாக்கிகளையும் வாங்கியதால், அந்நாடு இன்றும் கிழக்கே 50, மேற்கே 60 எனப் பிரிந்து கிடக்கிறது. நாடு முழுவதும் விற்கும் பொருள் இரண்டையும் தாங்கியாக வேண்டும். ஆகவே மின்மாற்றியின் பெயர்ப்பலகையைப் படிப்பதே முதல் வேலை.

கேரள வீடுகளுக்கு மின்னழுத்த ஏற்ற இறக்கம் புதிதன்று. 1977இல் கொச்சியில் தொடங்கிய வி-கார்டு, ஸ்டெபிலைசர் விற்றே வளர்ந்தது. அச்சொல்லுக்கு அங்காடியில் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பரந்த உள்ளீட்டு எல்லை கொண்ட எஸ்.எம்.பி.எஸ். இவ்வூருக்குப் பொருந்துவது இதனாலேயே; அதற்கு 50, 60 வேறுபாடும் பொருட்டல்ல.

ஆனால் கடையில் கிடைக்கும் ஆர்கேட் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் 1985இல் ஜப்பானியத் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த ஜாமா தரத்தை ஒட்டியது. 1978ஆம் ஆண்டுப் பலகையின் கம்பி வரிசை வேறு. வரைபடம் பார்த்தே இணைக்க வேண்டும். 74 வரிசைச் சில்லுகள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரையே ஏற்பவை. எனவே அளவை மின்வழங்கியின் முனையில் அன்று, சுமையோடு பலகையில் பார்த்துத் திருத்துவதே முறை.

இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அக்காலத் திரைகள் பலவற்றைப் பொதுமின் இணைப்பிலிருந்து பிரித்து வைத்தது அந்தப் பழைய மின்மாற்றியே. எஸ்.எம்.பி.எஸ். வந்துவிட்டதென்று அதைக் கழற்றி எறிந்தால், திரையின் உலோகச் சட்டத்தில் நேரடி மின்சாரம் நிற்கக்கூடும்; தொடுபவர் உயிருக்கே உறுதியில்லை. தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்று அவ்விடத்தில் இருந்தே தீர வேண்டும்.

பல வேளைகளில் முழு மாற்றமே வேண்டியதில்லை. நேர்முறை மின்வழங்கியில் முதலில் மூப்படைவது மின்பகு மின்தேக்கி. இரும்பும் செம்பும் நெடுநாள் நிற்கும். அத்தகைய மின்தேக்கிகளைக் கெல்ட்ரான் கண்ணூரிலேயே தயாரிக்கிறது. மின்மாற்றி 50 ஹெர்ட்ஸைத் தாங்குமெனில், சில மின்தேக்கிகளை மாற்றுவது செலவிலும் சிறிது, வரலாற்றுக்கும் நேர்மையானது. தாங்காதெனில் எஸ்.எம்.பி.எஸ். பொருத்தலாம், கழற்றிய பழைய பகுதியை, மாற்றிய நாளெழுதிய சீட்டோடு, அதே பெட்டியின் அடித்தட்டில் வைக்க இடம் தாராளமாக உண்டு.